ஐரோப்பாவில் ரயில் டிக்கெட்: எதை ஊரிலிருந்தே வாங்குவது, எதை அங்கே போய் வாங்குவது?

ஐரோப்பா பயணத்துக்குத் திட்டம் போடும்போது நம்மில் பலரும் ஐஆர்சிடிசி பழக்கத்தோடுதான் ரயில் டிக்கெட்டை அணுகுகிறோம். புக்கிங் திறந்த உடனே வாங்காவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட், அதுவும் போனால் தட்கல் என்பது நமக்கு ஊறிப்போன கணக்கு. ஐரோப்பாவில் வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது, ஆர்ஏசி கிடையாது, சார்ட் போடும் வேலையும் கிடையாது. புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பு வரைக்கும் பெரும்பாலான ரயில்களில் இடம் கிடைக்கும். என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. சில ரயில்களில் அந்த விலை மூன்று மடங்காகியிருக்கும். இன்னும் சில ரயில்களில் ஆறு மாதம் முன்பு வாங்கினாலும் ஆறு நிமிடம் முன்பு வாங்கினாலும் ஒரே காசுதான்.

இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்குபவர்கள், தேவையில்லாமல் ஒரு நாளோடும் ஒரு நேரத்தோடும் தங்களைக் கட்டிப்போட்டுக்கொள்கிறார்கள். எதையுமே வாங்காமல் போகிறவர்கள் நான்கு பேர் குடும்பத்துக்குச் சில நூறு யூரோ கூடுதலாகக் கொடுக்கிறார்கள். நம் ஊரிலிருந்து முதல்முறை போகிறவர்கள் அதிகம் எடுக்கும் பாதை பாரிஸ், சுவிட்சர்லாந்து, மிலான், வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம் என்பதால் அதையே வைத்து ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: உங்கள் ரயில் எந்த வகை?

பயணத் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு ரயிலையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதன் விலை ஏறுமா? சீட் ரிசர்வேஷன் கட்டாயமா?

இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அது முன்கூட்டியே வாங்க வேண்டிய ரயில். பிரான்ஸின் டிஜிவி, பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்து போகும் டிஜிவி லீரியா, லண்டன் போகும் யூரோஸ்டார், இத்தாலியின் ஃப்ரெச்சியாரோஸா, இத்தாலோ, ஸ்பெயினின் ஏவிஇ போன்ற விரைவு ரயில்கள் எல்லாம் இந்த வகை. விமான டிக்கெட் போலவே மலிவான இருக்கைகள் முதலில் தீரும், பிறகு விலை படிப்படியாக ஏறும். ரோம்–ஃப்ளோரன்ஸ் ஃப்ரெச்சியாரோஸா டிக்கெட் சில வாரங்களுக்கு முன்பே வாங்கினால் 20 யூரோ அளவில் கிடைக்கும். அதே ரயிலுக்கு ஸ்டேஷனில் போய் நின்றால் 50 யூரோவுக்கு மேல் கேட்கும்.

இரண்டுக்கும் 'இல்லை' என்றால் அங்கே போய் வாங்குங்கள். இத்தாலியின் ரெஜியோனாலே, ஜெர்மனியின் ஆர்இ, ஆர்பி என்னும் உள்ளூர் ரயில்கள், சுவிட்சர்லாந்தின் உள்நாட்டு ரயில்களின் சாதாரண டிக்கெட், விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் போகும் ரயில்கள் எல்லாம் இதில் வரும். இவற்றில் சீட் நம்பரே கிடையாது. காலியான இடத்தில் உட்காரலாம், இல்லையென்றால் நிற்க வேண்டும்.

நடுவில் ஒரு வகை உண்டு. ஜெர்மனியின் ஐசிஇ விரைவு ரயில்களில் விலை ஏறும், ஆனால் ரிசர்வேஷன் கட்டாயமில்லை. மலிவான ஷ்பார்பிரைஸ் டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும். விலை கூடிய ஃப்ளெக்ஸ்பிரைஸில் அந்த நாளின் எந்த ரயிலிலும் ஏறலாம். சீட் வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டி எடுக்க வேண்டும். டிக்கெட் வாங்கிவிட்டோம், சீட்டும் சேர்ந்துதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலை ஐசிஇயில் ஏறினால், மூன்று மணி நேரம் கதவோரம் பெட்டிமேல் உட்கார்ந்து போக வேண்டிவரும். வார இறுதியில் குடும்பமாகப் போகிறவர்கள் அந்தச் சில யூரோவை மிச்சம் பிடிக்கக் கூடாது.

இரவு ரயில்கள் மட்டும் விதிவிலக்கு. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்டில் படுக்கைப் பெட்டிகள் உண்மையாகவே தீர்ந்துபோகும். அங்கே நம் ஊர்ப் பயம் நியாயமானது.

படி 2: விசா கையில் வரும்வரை காசு போடுவதில் கவனம்

இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர்களுக்கு ஐரோப்பியர்கள் எழுதும் வழிகாட்டிகளில் கிடைக்காத விஷயம் இது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமான கால அளவு 15 நாள், சிக்கல் இருந்தால் இன்னும் நீளும். அந்த நேரத்தில்தான் மலிவு டிக்கெட்டுகளும் விற்பனைக்கு வந்திருக்கும். அவற்றில் மிக மலிவானவை திருப்பித் தரவே முடியாதவை. இத்தாலியின் சூப்பர் எகானமி, ஜெர்மனியின் சூப்பர் ஷ்பார்பிரைஸ் இரண்டுமே அப்படித்தான்.

விசாவுக்குப் பயணத் திட்டம் காட்டினால் போதும். காசு கட்டிய ரயில் டிக்கெட் தேவையில்லை. எந்த நாளில் எந்த ரயில் என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். விசா வரும்வரை திருப்பித் தர முடியாத எதையும் வாங்காதீர்கள். விசா தாமதமாக வந்து தேதி தள்ளிப்போனால், 20 யூரோ மிச்சம் பிடித்த டிக்கெட் முழுசாகப் போய்விடும். விசா வந்த அன்றே விலை ஏறும் ரயில்களை வரிசையாக வாங்குங்கள். பயணத்துக்கு மூன்று, நான்கு வாரம் இருந்தால்கூட வார நாட்களில் நல்ல விலை இருக்கும்.

பாரிஸோடு லண்டனையும் சேர்ப்பவர்களுக்கு: யூரோஸ்டாரில் ஏற ஷெங்கன் விசாவும் பிரிட்டிஷ் விசாவும் தனித்தனியாக வேண்டும். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனிலேயே பிரெஞ்சு அதிகாரிகள் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷனில் பிரிட்டிஷ் அதிகாரிகள் பார்ப்பார்கள். புறப்பட 30 நிமிடம் முன்பே கேட் மூடிவிடும். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் விரல் ரேகையும் புகைப்படமும் எடுக்கும் புது முறை தொடங்கியிருப்பதால் வரிசை நீளமாகலாம். ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது.

படி 3: பாதையை ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம்

*விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்:* எப்போதும் அங்கே போய் வாங்குங்கள். விலை நிலையானது. ரோமில் ஃபியுமிசீனோ விமான நிலையத்திலிருந்து தெர்மினி ஸ்டேஷனுக்கு லியோனார்தோ எக்ஸ்பிரஸ் 14 யூரோ, 32 நிமிடம், நடுவில் எங்கும் நிற்காது. அதே இடத்திலிருந்து 8 யூரோவுக்கு எஃப்எல்1 ரயிலும் ஓடுகிறது. ஆனால் அது தெர்மினிக்குப் போகாது. திராஸ்தேவெரே, திபுர்த்தீனா ஸ்டேஷன்கள் வழியாகப் போகும். உங்கள் தங்குமிடம் அந்தப் பக்கம் என்றால் அதுவே சௌகரியம்.

விமானம் இறங்கும் நாளிலேயே வேறு ஊருக்கு விரைவு ரயிலை முன்கூட்டியே வாங்கி வைப்பது பெரும்பாலும் தவறான கணக்கு. விமானம் ஒரு மணி நேரம் தாமதம், இமிக்ரேஷன் வரிசை ஒரு மணி நேரம், பெட்டி வர அரை மணி நேரம். அவ்வளவுதான், ரயில் போயிருக்கும். விமானம் தாமதமானதற்கு ரயில் கம்பெனி பொறுப்பேற்காது. அன்றே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள், அல்லது மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டணத்தில் வாங்குங்கள்.

*பாரிஸ்–சூரிக்:* டிஜிவி லீரியா, கார் து லியோன் ஸ்டேஷனிலிருந்து சுமார் 4 மணி நேரம். முன்கூட்டியே வாங்க வேண்டிய டிக்கெட்டுகளில் முதலிடம் இதற்குத்தான். ஒரு நாளைக்குச் சில ரயில்களே ஓடுகின்றன, வெள்ளி, ஞாயிறு கூட்டம் அதிகம். பாரிஸில் பெரிய ஸ்டேஷன்கள் ஆறேழு உண்டு, ஒவ்வொன்றும் நகரத்தின் ஒவ்வொரு மூலை. டிக்கெட்டில் 'பாரிஸ்' என்பதற்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு முறை பாருங்கள்.

*சுவிட்சர்லாந்துக்குள்:* இங்கேதான் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். சாதாரண டிக்கெட் வாங்கினால் அன்று முழுவதும் அந்த வழித்தடத்தின் எந்த ரயிலிலும் போகலாம். ரிசர்வேஷன் கிடையாது, ரயில் அடிக்கடி வரும். ஆனால் விலை அதிகம். சூரிக்கிலிருந்து இன்டர்லாக்கன் ஒருவழி முழுக் கட்டணம் மட்டும் 70 பிராங்கைத் தாண்டும்.

இதற்கு மாற்றாக சேவர் டே பாஸ் என்று ஒன்று உண்டு. 6 மாதம் முன்பிருந்து சுவிஸ் ரயில்வேயான எஸ்பிபியின் தளத்தில் வாங்கலாம். சீக்கிரம் வாங்கினால் 52 பிராங்கிலிருந்து தொடங்கும், நாள் நெருங்க நெருங்க ஏறும். அதை வைத்து அந்த ஒரு நாள் நாடு முழுக்க ரயில், பஸ், படகு எல்லாவற்றிலும் போகலாம். ஒரே ஒரு ஒருவழி டிக்கெட்டைவிட ஒரு நாள் முழுக்கச் சுற்றும் பாஸ் மலிவு என்பது முதலில் நம்ப முடியாதபடி இருக்கும், ஆனால் நிஜம்தான். ஊர் மாறும் நாளுக்கு இதை வாங்குங்கள். திருப்பித் தர முடியாது என்பதால் இதுவும் விசாவுக்குப் பிறகுதான்.

இரண்டாவது வழி வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஸ்விஸ் ஹாஃப் ஃபேர் கார்டு. ஒரு மாதம் செல்லும். ரயில், பஸ், பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாம் பாதி விலை. இன்டர்லாக்கனிலிருந்து யுங்ஃப்ராவ்யோக் மலை ஸ்டேஷனுக்குப் போய்வர முழுக் கட்டணம் 200 பிராங்குக்கு மேல் என்பதால், அந்த ஒரு பயணத்திலேயே கார்டு விலையின் பெரும்பகுதி திரும்பிவிடும். மூன்றாவது ஸ்விஸ் டிராவல் பாஸ். தினமும் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு நல்லது. ஆனால் யுங்ஃப்ராவ்யோக் அதில் முழுவதுமாக அடங்காது. கிரின்டல்வால்டு அல்லது வெங்கன் வரைக்கும்தான் இலவசம், அதற்குமேல் 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். பாஸ் இருக்கிறது, மேலே போவதும் சேர்த்தி என்று நம்பிக் கீழே கவுன்டரில் அதிர்ந்து நிற்பவர்கள் நிறைய.

எந்த வழி எடுத்தாலும் மலை ரயில் டிக்கெட்டை மட்டும் ஊரிலிருந்து வாங்க வேண்டாம். உச்சியில் மேகம் மூடினால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். இன்டர்லாக்கனில் இரண்டு, மூன்று நாள் தங்குங்கள். காலையில் எழுந்ததும் மலை உச்சி வெப்கேமைப் பாருங்கள். தெளிவாக இருக்கும் நாளில் உடனே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் மாதிரியான பனோரமா ரயில்கள் வேறு. அவற்றில் சீட் ரிசர்வேஷன் கட்டாயம், கோடையில் தீர்ந்தும் போகும்.

பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு போகிறவர்கள் டிராவல் பாஸோ ஹாஃப் ஃபேர் கார்டோ வாங்கும்போது ஸ்விஸ் ஃபேமிலி கார்டு என்று கேட்க மறக்காதீர்கள். அது இலவசம். பெற்றோரோடு வரும் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பயணமும் இலவசம். நீங்களாகக் கேட்காவிட்டால் வராது.

*சுவிட்சர்லாந்திலிருந்து மிலான்:* யூரோசிட்டி ரயில். சூரிக்கிலிருந்து 57 கிலோமீட்டர் நீள கோத்தார்டு சுரங்கம் வழியாக ஒன்று, பெர்ன், ஷ்பீட்ஸ், பிரிக், தோமோதொசோலா வழியாக இன்னொன்று. இன்டர்லாக்கனிலிருந்து வருகிறவர்கள் ஷ்பீட்ஸில் மாற வேண்டும். எல்லை தாண்டும் பயணத்துக்கு ரிசர்வேஷன் கட்டாயம், விலையும் ஏறும். முன்கூட்டியே வாங்குங்கள். தவறவிட்டுவிட்டால் ஒரு மாற்றுவழி உண்டு: ஸ்விஸ் டிராவல் பாஸ் தோமோதொசோலா வரைக்கும் செல்லும். அங்கிருந்து மிலானுக்கு நிலையான விலையில் உள்ளூர் ரயில் ஓடுகிறது. கோடையில் தண்டவாள வேலைக்காக இந்தப் பக்கம் ரயிலை நிறுத்திவிட்டுப் பஸ் விடுவதும் உண்டு, 2025 கோடையில் அப்படித்தான் செய்தார்கள். உங்கள் சரியான தேதியைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும்.

*இத்தாலிக்குள்:* மிலான்–வெனிஸ் சுமார் இரண்டரை மணி நேரம், வெனிஸ்–ஃப்ளோரன்ஸ் இரண்டேகால், ஃப்ளோரன்ஸ்–ரோம் ஒன்றரை. மூன்றிலும் டிரெனித்தாலியாவும் (ஃப்ரெச்சியாரோஸாவை ஓட்டும் கம்பெனி) இத்தாலோவும் போட்டி போட்டு ஓட்டுகின்றன. இரண்டு தளத்திலும் விலை பாருங்கள். ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. டிரெனித்தாலியாவில் மூன்று கட்டணம் தெரியும். பேஸ் டிக்கெட்டைப் புறப்படும் முன் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்தால் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதி தருவார்கள். எகானமியை வித்தியாசத்தைக் கட்டி மாற்றலாம். சூப்பர் எகானமி மாற்றவும் முடியாது, திரும்பவும் வராது. காலைச் சாப்பாடு, ஹோட்டல் செக்அவுட் எல்லாம் நிச்சயமாகத் தெரியும் நாளுக்குச் சூப்பர் எகானமி சரி. சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் எகானமி நிம்மதி.

குடும்பமாகப் போகிறவர்கள் 'பிம்பி கிராத்தீஸ்' சலுகையையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பெரியவர்கள் பேஸ் கட்டணம் கட்ட, 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இலவசம். ஆனால் எல்லாருக்கும் சூப்பர் எகானமி வாங்குவதே சில நாளில் மொத்தமாக மலிவாக வரும். இரண்டு வழியிலும் கூட்டிப் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

ஃப்ளோரன்ஸிலிருந்து பீசா கோபுரம் பார்க்கப் போவது ரெஜியோனாலே ரயில். சுமார் ஒரு மணி நேரம், 10 யூரோவை ஒட்டி. அன்று காலை வாங்கினால் போதும். நேப்பிள்ஸிலிருந்து பொம்பேய் போகும் சிர்கும்வெசுவியானா உள்ளூர் ரயிலும் அப்படியே.

ஸ்டேஷன் பெயர்களில் கவனம் வேண்டும். வெனிஸ் தீவுக்குள் இருப்பது சாந்தா லூச்சியா. மெஸ்த்ரே என்பது கரைப்பக்கம், நிலத்தில். ஃப்ளோரன்ஸின் நடு ஸ்டேஷன் சாந்தா மரியா நொவெல்லா. ரோமில் தெர்மினிதான் மையம், திபுர்த்தீனா தள்ளி இருக்கிறது.

படி 4: எங்கே வாங்குவது, எப்படிக் காசு கட்டுவது

முடிந்தவரை ரயில் கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள்: பிரான்ஸுக்கு எஸ்என்சிஎஃப் கனெக்ட், சுவிட்சர்லாந்துக்கு எஸ்பிபி, இத்தாலிக்கு டிரெனித்தாலியா, இத்தாலோ. டிரெயின்லைன், ஓமியோ, ரெயில் யூரோப் போன்ற இடைத்தளங்களும் உண்மையான டிக்கெட்தான் தருகின்றன. சிறு கட்டணம் சேரலாம். நம் ஊர் கார்டைச் சொந்தத் தளம் ஏற்க மறுக்கும்போது இவை கைகொடுக்கும். ஆனால் ரயில் ரத்தானால் ஸ்டேஷன் கவுன்டரில் "வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். தகராறு வரும் நாளில் அது பெரிய தொல்லை.

இந்திய வங்கி கார்டுகளில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாகத் தரும்போதே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வங்கி ஆப்பில் போய் அதை இயக்கி, உச்சவரம்பையும் உயர்த்துங்கள். ஐரோப்பாவில் இருக்கும்போது ஓடிபி வர வேண்டுமே, அதனால் ஊர் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். யுபிஐ இங்கே உதவாது. 'ரூபாயில் கட்டவா, யூரோவில் கட்டவா' என்று திரை கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்கள் வங்கியைவிட மோசமாக இருக்கும். ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் அதில் யூரோவோடு ஸ்விஸ் பிராங்கும் ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சுவிட்சர்லாந்தில் ஒவ்வொரு முறையும் மாற்றுக் கட்டணம் பிடிக்கும்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கென்றே வரும் சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் பெட்டி காலியாக இருக்கும், தளமோ அதை நிரப்பாமல் விடாது. பெயர் இரண்டு சொல்லாக இருந்தால் பிரித்துப் போடுங்கள். ஒரே சொல் என்றால் இரண்டு பெட்டியிலும் அதையே போடுங்கள். இனிஷியலை மட்டும் போடாதீர்கள். எல்லா டிக்கெட்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பரிசோதகர் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டு, கேட்டால் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார். எழுத்துக்கூட்டல் சற்று மாறினால் யாரும் இறக்கிவிட மாட்டார்கள், முழுக்க வேறு பெயர் என்றால் பிரச்சினை.

டிசம்பர் நடுவில் பயணம் என்றால் ஒரு குறிப்பு. ஐரோப்பா முழுக்க ஆண்டு கால அட்டவணை டிசம்பரின் இரண்டாவது வார இறுதியில் மாறுகிறது. அதற்குப் பிந்தைய தேதிகள் சில கம்பெனிகளில் தாமதமாகவே திறக்கும். தேடினால் ரயிலே காட்டவில்லை என்று பதற வேண்டாம். சில வாரம் கழித்துப் பாருங்கள்.

படி 5: ஸ்டேஷன் மெஷினில் வாங்கும்போது

முதலில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். போகும் ஊரின் பெயரை அந்நாட்டு எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்: ஃப்ளோரன்ஸ் என்றால் ஃபிரென்சே, வெனிஸ் என்றால் வெனேத்சியா, மிலான் என்றால் மிலானோ. பட்டியலில் வரும் ரயில்களில் எது விரைவு, எது ரெஜியோனாலே என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இத்தாலியில் நடுவில் அவர்களின் வாடிக்கையாளர் கார்டு இருக்கிறதா என்று ஒரு திரை வரும். இல்லை என்று சொல்லித் தாண்டுங்கள். பிறகு கார்டைச் செருகி பின் நம்பர். பின் இல்லாமல் கார்டு கொண்டுபோனால் பல மெஷின்களில் வேலைக்கு ஆகாது. ரொக்கம் வாங்காத மெஷின்களும் உண்டு.

பெரிய இத்தாலிய ஸ்டேஷன்களில் மெஷின் அருகே யாராவது உதவ வந்து பொத்தானை அழுத்தத் தொடங்கினால், மரியாதையாக மறுத்துவிட்டு வேறு மெஷினுக்கோ கவுன்டருக்கோ போங்கள். அவர்கள் ரயில்வே ஊழியர்கள் இல்லை. கடைசியில் பணம் கேட்பார்கள், சில்லறையை எடுப்பார்கள், அல்லது உங்கள் பர்ஸ் எந்தப் பையில் இருக்கிறது என்று கவனிப்பார்கள்.

டிக்கெட் வாங்கியதோடு வேலை முடியாத இடம் ரெஜியோனாலே. காகித டிக்கெட் என்றால் பிளாட்ஃபாரத்துக்குப் போகும் வழியில் இருக்கும் சிறு பெட்டியில் செருகி, தேதியும் நேரமும் அச்சாக வேண்டும். அச்சானதிலிருந்து 4 மணி நேரம் செல்லும். ஆன்லைன் டிக்கெட் என்றால் ஏறும் முன் மெயிலிலோ ஆப்பிலோ இருக்கும் செக்இன் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு இணையம் வேண்டும், அதனால் ஸ்டேஷனுக்குள் சிக்னல் இருக்கும்போதே செய்துவிடுங்கள். இரண்டையும் மறந்தால் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும் 50 யூரோவும் அதற்கு மேலும் அபராதம். ஏறிய பிறகு நினைவு வந்தால், பரிசோதகர் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே அவரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். விரைவு ரயில் டிக்கெட்டுக்கு இந்த அச்சு வேலை எதுவும் தேவையில்லை, சீட்டும் நேரமும் அதிலேயே உண்டு.

சுவிட்சர்லாந்தில் ரயிலுக்குள் டிக்கெட் தர மாட்டார்கள். ரயில் நகரும் முன்பே ஆப்பில் டிக்கெட் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஓடி ஏறிவிட்டுப் பிறகு வாங்கினால் நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 6: பிளாட்ஃபாரத்தில்

பாரிஸில் பிளாட்ஃபாரம் எண் புறப்படச் சுமார் 20 நிமிடம் முன்புதான் பலகையில் வரும். கார் து லியோனில் ஒரு பக்கம் எழுத்துகள், இன்னொரு பக்கம் எண்கள். நடக்கும் தூரம் அதிகம். டிஜிவியின் கதவு 2 நிமிடம் முன்பே மூடும். இரண்டு ரயில்கள் ஒன்றாகக் கோர்க்கப்பட்டு நிற்பதும் உண்டு. உள்ளே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியில்லை, நடுவழியில் பிரிந்து வெவ்வேறு ஊருக்கும் போகலாம். ரயில் எண்ணையும் பெட்டி எண்ணையும் கதவருகே சரிபார்த்த பிறகே ஏறுங்கள்.

பலகையில் ரயில் கடைசியாகப் போகும் ஊர்தான் இருக்கும். ஃப்ளோரன்ஸிலிருந்து ரோமுக்குப் போகும் ரயில் 'நாப்போலி' என்றோ 'சலேர்னோ' என்றோ காட்டும். ஊர்ப்பெயரைத் தேடாமல் ரயில் எண்ணைத் தேடுங்கள். போர்ட்டர் கிடையாது, பெட்டியை நீங்களேதான் மேலே ஏற்ற வேண்டும். பெரிய பெட்டிகளுக்குக் கதவருகே தட்டு இருக்கும், சீக்கிரம் நிரம்பும். பிரான்ஸின் மலிவு ரயிலான உய்கோவில் பெரிய பெட்டிக்குத் தனிக் காசு. டிக்கெட் விலையோடு அதையும் கூட்டிப் பாருங்கள்.

யூரெயில் பாஸ் வாங்கலாமா?

பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே பாஸ் இது. இந்தப் பாதைக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பாஸ் இருந்தாலும் டிஜிவி, லீரியா, ஃப்ரெச்சியாரோஸா, யூரோஸ்டார் எல்லாவற்றுக்கும் தனியாக ரிசர்வேஷன் காசு கட்ட வேண்டும். டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கான இடம் குறைவு, அது முதலில் தீரும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று ரிசர்வேஷன் தேவைப்படாத நாடுகளில் தினமும் மனம்போல ஏறி இறங்குபவர்களுக்கு, குறிப்பாக 27 வயது முடியும் வரை கிடைக்கும் இளையோர் விலையில், அது நல்ல பேரம்.

ரயில் தாமதம், ரத்து, வேலைநிறுத்தம்

உங்கள் தவறால் ரயிலை விட்டால் மலிவு டிக்கெட் போனது போனதுதான். கம்பெனியின் தவறு என்றால் உரிமை உங்கள் பக்கம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சேரும் ஊருக்கு 60 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்று தெரிந்தாலே பயணத்தைக் கைவிட்டு முழுப் பணம் கேட்கலாம், அல்லது கூடுதல் காசின்றி அடுத்த ரயிலில் போகலாம். பயணத்தைத் தொடர்ந்து 60 முதல் 119 நிமிடம் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம் திரும்ப வரும். கடும் புயல் போன்றவற்றுக்கு நஷ்டஈடு கிடையாது.

இரண்டு ரயில் மாறும் பயணத்தை ஒரே டிக்கெட்டாக வாங்குவது இதனால்தான் முக்கியம். தனித்தனியாக வாங்கி முதல் ரயில் தாமதமானால், இரண்டாவது கம்பெனி கையை விரிக்கலாம். தனித்தனியாகத்தான் வாங்க முடியும் என்றால் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். தாமதமான ரயிலின் ஊழியரிடம் தாமதத்தை எழுத்திலோ முத்திரையிலோ வாங்கிக்கொண்டு, அடுத்த கம்பெனியின் கவுன்டரில் காட்டிக் கேளுங்கள். பல கம்பெனிகள் அடுத்த ரயிலில் ஏற்றிவிடும்.

வேலைநிறுத்தம் திடீரென்று வராது. இத்தாலியில் முன்னறிவிப்பு கொடுத்தே செய்ய வேண்டும். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களில் குறைந்தபட்ச சேவை ஓடும். விரைவு ரயில்களில் எவை நிச்சயம் ஓடும் என்று தனிப் பட்டியல் வெளியாகும். பிரான்ஸில் முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மறுநாள் ஓடும் ரயில்கள் தெரிந்துவிடும். ரத்தான ரயிலுக்கு எந்தக் கட்டணமாக இருந்தாலும் முழுப் பணம் உண்டு.

நஷ்டஈடு தானாக வந்து சேரும் என்று இருந்துவிட வேண்டாம். கம்பெனியின் தளத்தில் படிவம் நிரப்ப வேண்டும், ஊர் திரும்பிய பிறகும் நிரப்பலாம், 3 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். டிக்கெட் எண், ரயில் எண், தேதி மூன்றும் தேவை. காசு கட்டிய கார்டை அதுவரை ரத்து செய்யாதீர்கள். வவுச்சரா பணமா என்று கேட்டால் பணம் என்று சொல்லுங்கள்.